கோப்பைக்குள் தெரியாத வேறுபாடு

2018ஆம் ஆண்டு கோடையில் சான் பிரான்சிஸ்கோ நகரின் மரிப்போசா தெருவில் உள்ள ஆங்கர் பீர் ஆலைக்கு என் மருமகன் என்னை அழைத்துச் சென்றார். பளபளக்கும் செம்புக் கொப்பரைகளையும், முழங்காலளவு ஆழமே கொண்ட அகன்ற நொதித்தொட்டிகளையும் பார்த்தபடி நின்றபோது, “மாமா, அமெரிக்கக் கைவினை பீருக்கு இதுதான் தாய்வீடு” என்றார். கல்லூரியில் முப்பதாண்டுக் காலம் நுண்ணுயிரியல் கற்பித்தவன் என்பதால் எனக்கு வேறொரு கேள்விதான் முதலில் எழுந்தது. எந்த வகை ஈஸ்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்று சுற்றிக்காட்டிய இளைஞரிடம் கேட்டேன். “லாகர் ஈஸ்ட்” என்றார்.

எனக்குச் சற்றுக் குழப்பமாக இருந்தது. கைவினை பீர் என்பதே பெருநிறுவனங்களின் லாகருக்கு எதிராகப் பிறந்தது என்றல்லவா கேள்விப்பட்டிருந்தேன்? அதன் தாய்வீட்டிலேயே லாகர் ஈஸ்ட் குடியிருக்கிறதே! வீடு திரும்பிய பிறகு படித்தறிந்த இன்னொரு செய்தி குழப்பத்தை இரட்டிப்பாக்கியது. முந்தைய ஆண்டு, அதாவது 2017இல், அந்த ஆலையை ஜப்பானின் பெரிய பீர் நிறுவனங்களுள் ஒன்றான சப்போரோ விலைக்கு வாங்கியிருந்தது. அப்படியென்றால் அன்று நான் பருகியது கைவினை பீரா, பெருநிறுவனப் பீரா?

மதுவைப் பற்றி எழுதினாலே ஐயத்துடன் பார்க்கும் ஊர் நம்முடையது. குடியால் சிதைந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கையில் அந்த ஐயத்தில் தவறேதும் இல்லை. யாரையும் பருகத் தூண்டுவது என் நோக்கம் அன்று. ஒரு பொருளைச் சிறிய அளவில் செய்வதற்கும் பேரளவில் செய்வதற்கும் இடையே உண்மையில் என்ன வேறுபாடு என்ற கேள்வியை, பீரைப் போலத் தெளிவாக ஆராய இடம்தரும் பொருள்கள் குறைவு. தண்ணீர், முளைகட்டிய பார்லியான மால்ட், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் என்ற நான்கே பொருள்கள்தாம் அதன் அடிப்படை.

குளிரில் வேலைசெய்யும் ஈஸ்ட்

பீர்களை நொதிக்கும் முறையைக் கொண்டு ஏல், லாகர் என்று இரு பெருங்குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஏல் ஈஸ்ட் சற்று வெதுவெதுப்பான நிலையில், 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரை, விரைவாக வேலைசெய்யும். பழ வாசனை தரும் எஸ்டர் சேர்மங்களை அது தாராளமாக வெளியிடும். லாகர் ஈஸ்டோ 7 முதல் 13 பாகை வரையிலான குளிரில் மெதுவாக நொதித்து அடியில் படியும். அதன்பின் பீரை உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் வாரக்கணக்கில் கிடப்பில் வைப்பார்கள். ‘லாகர்ன்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குச் சேமித்து வைத்தல் என்பதே பொருள்.

பவேரியாவில் கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போவது வழக்கமாக இருந்தது. அதனால் 1553இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகன், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடைவிதித்தார். குளிர்காலத்தில் மட்டுமே காய்ச்சியதால் குளிரைத் தாங்கும் ஈஸ்டுக்குத் தலைமுறை தலைமுறையாக வாய்ப்புக் கிடைத்தது. இந்த லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்று, ரொட்டிக்கும் ஏலுக்கும் பயன்படும் பழகிய ஈஸ்ட். மற்றொன்று எது என்பது நெடுங்காலம் புதிராக இருந்து, 2011இல்தான் தென்னமெரிக்காவின் படகோனியக் காடுகளில் பீச் மரங்களின் மேல் வாழும் காட்டு ஈஸ்டாக அடையாளம் காணப்பட்டது. பின்னர் அதே இனம் திபெத்திலும் கண்டறியப்பட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு ஆணையும் ஒரு காட்டு நுண்ணுயிரும் சேர்ந்து உலகின் மிகப் பரவலான மதுவகைக்கு வழிவகுத்திருக்கின்றன.

இன்று உலகெங்கும் விற்கும் வெளிர்பொன்னிற லாகரின் மூதாதை, பொஹீமியாவின் பில்சன் நகரில் பிறந்தது. 1838இல் அந்நகர மக்கள் கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகரமன்றத்துக்கு முன்னால் கொட்டித் தீர்த்தார்கள். அதன்பின் காய்ச்சும் உரிமை பெற்ற குடிமக்கள் கூடிப் புதிய ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சிய பீர், வெளிறிய மால்ட், பில்சனின் மென்னீர், ஜாடெட்ஸ் வட்டார ஹாப்ஸ் ஆகியவற்றின் சேர்க்கையால் அதுவரை காணாத தெளிவோடு அமைந்தது. இன்று ஆலை லாகரை இகழ்பவர்கள், அதன் பிறப்பிடம் குடிமக்கள் கூட்டாக நடத்திய ஓர் ஊர் ஆலை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஊர்ச் சரக்காக இருந்த அதனை உலகச் சரக்காக்கியவை மூன்று ஆய்வுகள். 1870களில் கார்ல் ஃபான் லிண்டே மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலைக்காகக் குளிரூட்டும் பொறியை உருவாக்கினார். பனிக்கட்டிக்காகக் குளிர்காலத்தை எதிர்பார்த்திருக்கும் நிலை ஒழிந்தது. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் வரலாற்றிலும் பீர் ஆலைக்கு ஒரு பங்கு உண்டு. அடுத்தவர் லூயி பாஸ்டர். பிரஷியப் போரில் தோற்ற பிரான்ஸ், பீரிலாவது ஜெர்மனியை வெல்ல வேண்டும் என்ற வீம்போடு அவர் மேற்கொண்ட ஆய்வு 1876இல் நூலாக வந்தது. பீர் கெடுவது வேண்டாத நுண்ணுயிர்களால்தான் என்று அது காட்டியது.

மூன்றாமவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஆலையின் பீர் கெட்டுப்போனதற்குக் காட்டு ஈஸ்ட் கலந்ததே காரணம் என்று கண்டறிந்து, 1883இல் ஒரே ஓர் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். ஆலையின் உரிமையாளர் ஜேக்கப்சன் அந்த ஈஸ்டைப் பூட்டிவைக்கவில்லை. கேட்ட பிற ஆலைகளுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். அமில காரத் தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலும் 1909இல் அதே ஆய்வகத்தில்தான் பிறந்தது. ஜேக்கப்சனின் கொடை நினைவில் இருக்கட்டும். அதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியைப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறைவிடம் இல்லாத பீர்

கைவினை பீர் ரசிகர்கள் பலரும் ஆலை லாகரை ‘வெறும் தண்ணீர்’ என்பார்கள். தொழில்நுட்பக் கண்ணோடு பார்த்தால் இது அநியாயமான பேச்சு. நொதித்தலின்போது ஈஸ்ட் டைஅசிட்டைல் என்ற சேர்மத்தை உண்டாக்குகிறது. அது மிக நுண்ணிய அளவில் இருந்தாலே பீரில் வெண்ணெய் வாசம் வந்துவிடும். மால்டிலிருந்து தோன்றும் கந்தகச் சேர்மம் ஒன்று வேகவைத்த மக்காச்சோளத்தை நினைவூட்டும். அடர்ந்த நிறமும் மிகுந்த ஹாப்ஸும் கொண்ட பீரில் இத்தகைய குறைகள் ஓரளவு மறைந்துகொள்ளும். வெளிறிய லாகரில் அவற்றுக்கு மறைவிடமே கிடையாது. மசாலா நிறைந்த குழம்பில் ஒரு பிடி உப்புக் கூடினால் சமாளித்துவிடலாம், இளநீரில் ஒரு சிட்டிகை விழுந்தாலும் தெரிந்துவிடும் அல்லவா? பல ஊர்களில், பல தண்ணீரில், ஆண்டுதோறும் மாறும் பார்லியில், ஒரே சுவையை ஆயிரமாயிரம் முறை வரவழைப்பது எளிய செயலன்று.

ஆனால் இந்தத் திறமை எதற்குப் பயன்பட்டது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்காவுக்குச் சென்ற ஜெர்மானியர்கள் அங்கே விளைந்த ஆறுவரிசைப் பார்லியில் புரதம் மிகுதி என்பதைக் கண்டார்கள். பீர் கலங்கலாகாமல் இலேசாக இருக்க மக்காச்சோளமோ அரிசியோ சேர்த்தார்கள். 1876இல் அறிமுகமான பட்வைசரில் அரிசி உண்டு. இது தொடக்கத்தில் மலிவுக்கான கலப்படம் அன்று, கிடைத்த தானியத்தை வைத்துச் செய்த தீர்வு. காலப்போக்கில் அதே தீர்வு செலவைக் குறைக்கும் கருவியும் ஆனது.

1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு சிறிய ஆலைகளில் பலவற்றைத் துடைத்தெறிந்தது. எஞ்சியவற்றைத் தொலைக்காட்சி விளம்பரமும் நாடு தழுவிய விற்பனையும் விழுங்கின. 1870களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்த நாட்டில், 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவானவையே இருந்தன. அடர்த்தியாகக் காய்ச்சிப் பின்னர் தண்ணீர் சேர்த்து அளவாக்கும் முறை வழக்கமானது. எவரையும் முகம்சுளிக்க வைக்காத சுவையே இலக்கு என்றான பிறகு, கசப்பு ஆண்டுக்காண்டு குறைந்தது. குறைந்தது நாக்குக்குத் தெரியாத அளவில் சிறுகச் சிறுகக் குறைந்தது.

1964இல் அலிசன், உல் என்ற இரு ஆய்வாளர்கள் பீர் பருகும் பழக்கமுள்ளவர்களுக்குப் பெயர் ஒட்டாத புட்டிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். பொதுவாக அவர்களால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியவில்லை. தங்களுக்குப் பிடித்த பீரைக்கூட அடையாளம் காண இயலவில்லை. பெயர் ஒட்டிய புட்டிகளைக் கொடுத்தபோதோ மதிப்பெண்கள் உயர்ந்தன, சொந்தப் பீருக்குத் தனி உயர்வு கிடைத்தது. இதைப் படித்த ஒரு தொழிலதிபர் என்ன முடிவுக்கு வருவார்? சுவையில் செலவிடுவதைக் காட்டிலும் பெயரில் செலவிடுவது இலாபம் என்றுதானே!

அந்த முடிவை எல்லைவரை கொண்டுசென்றது மில்வாக்கி நகரின் ஷ்லிட்ஸ் நிறுவனம். ஒருகாலத்தில் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது அது. 1970களில் நொதிக்கும் நாள்களைக் குறைத்தது, மால்டின் ஒரு பகுதிக்கு ஈடாகச் சோளப்பாகைக் கூட்டியது, பீரைத் தெளிவாக வைக்கும் பொருளையும் மாற்றியது. அந்தப் புதிய பொருள், நுரை நிற்பதற்காகச் சேர்த்த மற்றொன்றோடு வினைபுரிந்து, புட்டிக்குள் வெள்ளைச் செதில்களாகப் படிந்தது. 1976இல் சுமார் 1 கோடி புட்டிகளையும் கேன்களையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1982இல் நிறுவனமே வேறொருவர் கைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு சிறு மாற்றமும் அதற்கு முந்தைய சுவையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியாத அளவுதான் இருந்தது. பத்தாண்டுக்கு முந்தைய சுவையோடு யாரும் ஒப்பிடவில்லை.

வாஷிங் மெஷின் வீட்டுப் பிள்ளை

ஆங்கர் ஆலையின் கதை இந்தச் சூழலில்தான் தொடங்குகிறது. 1896இல் நிறுவப்பட்ட அந்த ஆலை ‘நீராவி பீர்’ என்ற பழைய கலிபோர்னிய வகையைக் காய்ச்சி வந்தது. பெயர்க்காரணத்தைப் பலவாறு சொல்கிறார்கள். வகையின் காரணம் தெளிவானது: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலிபோர்னியாவில் ஜெர்மானியர்களிடம் லாகர் ஈஸ்ட் இருந்தது, பனிக்கட்டி இல்லை. எனவே வெதுவெதுப்பிலேயே நொதிக்க வைத்து, விரைவில் ஆறட்டும் என்று ஆழமற்ற தொட்டிகளைப் பயன்படுத்தினார்கள். நான் பார்த்த முழங்காலளவுத் தொட்டிகளின் மூலம் அதுதான். இல்லாமையிலிருந்து பிறந்த ஒரு வகை, கைவினையின் கொடியாகப் பின்னாளில் ஏற்றப்பட்டது.

1965இல் அந்த ஆலை மூடப்படவிருந்தது. வாஷிங் மெஷின் தயாரிப்பில் புகழ்பெற்ற மேடாக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் மேடாக் என்ற 27 வயது இளைஞர், தாம் விரும்பிப் பருகும் பீர் மறையப்போகிறது என்று கேள்விப்பட்டு, சில ஆயிரம் டாலருக்கு அதன் பெரும்பங்கை வாங்கினார். வாங்கிய பின்னர்தான் நிலைமை புரிந்தது. கருவிகள் பழையவை, துப்புரவு போதாது, பீர் அடிக்கடி புளித்துப்போயிற்று. அவர் செய்த முதன்மையான வேலைகளுள் ஒன்று நுண்ணோக்கி வைத்து ஆய்வகம் அமைத்தது. பாஸ்டரும் ஹான்சனும் பெருந்தொழிலுக்குக் கொடுத்த அறிவைக் கொண்டுதான் கைவினை காப்பாற்றப்பட்டது. இதில் எனக்குத் தொழில்சார்ந்த மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

1975இல் ஆங்கர் வெளியிட்ட லிபர்ட்டி ஏல், காஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸின் எலுமிச்சை, திராட்சைப்பழ மணத்தை முன்னிறுத்தியது. 1976இல் கடற்படையிலிருந்து விலகிய ஜாக் மெக்காலிஃப், பழைய பால்பண்ணைக் கலன்களைக் கொண்டு சொனோமாவில் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கினார். ஆறே ஆண்டில் அது மூடப்பட்டது. ஆயினும் அதைப் பார்த்து உருவானவர்கள் பலர். 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்குப் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சி அளவில் அனுமதித்தது. வீட்டு அடுப்படியில் பழகியவர்கள் ஆலை தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவரான கென் கிராஸ்மன் 1980இல் தொடங்கிய சியரா நெவாடா இன்றும் அக்குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. இன்று அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இயங்குகின்றன.

இவர்களின் அடையாளச் சின்னமான பீர் வகையின் பெயரில் நம் நாடு இருப்பது ஒரு வேடிக்கை. ‘இந்தியா பேல் ஏல்’ என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கப்பலேறி இங்கே வந்த ஆங்கிலேய ஏல். நெடும்பயணத்தைத் தாங்குவதற்கென்றே ஹாட்ஜ்சன் என்ற லண்டன் காய்ச்சுநர் அதைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பது வெறும் கதை. அத்தகைய ஏல் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. கருமையான போர்ட்டர் பீரும் படைவீரர்களுக்காகப் பெருமளவில் வந்திறங்கியது. இன்று கலிபோர்னியாவில் அந்தப் பெயரில் விற்கும் பீரின் மணம் எந்தக் கப்பலிலும் வந்திராது. அது அமெரிக்க ஹாப்ஸின் மணம்.

நாக்கு அடைந்த தோல்வி

சரி, பருகுபவருக்கு என்ன வேறுபாடு தெரியும்? கசப்பை அளக்கும் சர்வதேச அலகில் அமெரிக்க ஆலை லாகர் சுமார் 10 பெறும் என்றால், இந்தியா பேல் ஏல் 40 முதல் 70 வரை பெறும். காய்ச்சி முடித்த பின்னர் குளிர்ந்த பீரில் ஹாப்ஸை ஊறவிடுவதால் மலர், பழம், பைன் பிசின் ஆகியவற்றின் மணங்கள் சேர்கின்றன. வறுத்த மால்ட் காப்பியையும் சாக்லேட்டையும் நினைவூட்டும். ஆலை லாகரைக் கடுங்குளிரில் பருகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிர் கூடக்கூட மணமும் சுவையும் அடங்கிவிடும். அடக்கவேண்டியது அதில் அதிகமில்லை என்பது வேறு விஷயம்.

ஆலையைப் பார்த்துவிட்டு வந்த அன்றிரவே என் மகள் ஒரு சோதனை வைத்தாள். நான்கு கோப்பைகளுக்கு எண் ஒட்டிக்கொண்டு வந்தாள். ஒன்று ஆங்கர் நீராவி பீர், ஒன்று இந்தியா பேல் ஏல், ஒன்று பெருநிறுவன லாகர், ஒன்று அவ்வூரைச் சேர்ந்த சிறு ஆலையின் பில்ஸ்னர். முதலிரண்டையும் குழந்தையும் கண்டுபிடிக்கும். எஞ்சிய இரண்டில் ஒன்றில் வெண்ணெய் வாசம் வீசியது. “டைஅசிட்டைல். அவசரப்பட்டு நொதிநாளைக் குறைத்திருக்கிறார்கள். இது தொழிற்சாலைச் சரக்கு” என்று பேராசிரியக் குரலில் தீர்ப்பளித்தேன். அது சிறு ஆலையின் பில்ஸ்னர். மாசற்றுத் தெளிந்திருந்ததுதான் பெருநிறுவனத்தினுடையது. “மாமா, உங்கள் பழைய மாணவர்களுக்கு இது தெரிய வேண்டாம்” என்றார் மருமகன். குறையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டுக் குற்றவாளியைத் தவறாகக் காட்டிய கதை அது.

இது விதிவிலக்கன்று. சிறிய ஆலைகளில் ஆய்வகம் போதாமை, பாஸ்டர் முறையில் சூடாக்காமை, ஆக்சிஜன் புகுந்து மணம் மங்குதல் ஆகியவை உண்மையான சிக்கல்கள். வாங்கும் பொருளுக்கு ஏறத்தாழ இருமடங்கு விலை கொடுப்பவர் அதற்குரிய தரத்தை எதிர்பார்ப்பதும் நியாயம். இன்னொரு புறம், சிறு ஆலைகளே இப்போது ஆர்வத்தோடு லாகருக்குத் திரும்பியிருக்கின்றன. பாஸ்டன் பீர் நிறுவனத்தின் புகழ்பெற்ற சாமுவேல் ஆடம்ஸ் 1980களிலேயே ஒரு லாகர்தான். ஆகவே கைவினை என்றால் ஏல், ஆலை என்றால் லாகர் என்ற எளிய சமன்பாடு கோப்பைக்குள்ளே நிற்பதில்லை.

வரையறையின் வழக்குகள்

நாக்கு கைவிட்ட இடத்தில் அமெரிக்கக் காய்ச்சுநர் சங்கம் வரையறையை நம்பியது. சிறியதாக இருக்க வேண்டும், பெரிய மது நிறுவனம் எதுவும் அதில் 25 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கக் கூடாது என்பன முதன்மை நிபந்தனைகள். ‘சிறியது’ என்பதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் பீப்பாயாக இருந்தது. பாஸ்டன் பீர் அதை நெருங்கியபோது வரம்பு 60 லட்சம் ஆயிற்று. அதாவது 70 கோடி லிட்டர்! சிறுதொழில் என்ற சொல்லை இவ்வளவு தாராளமாக நீட்டுவதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன்.

சோளமோ அரிசியோ சேர்ப்பவர்கள் கைவினைஞர் அல்லர் என்றும் சங்கம் ஒருகாலத்தில் கருதியது. மினசோட்டாவில் 1860 முதல் ஒரே குடும்பம் நடத்திவரும் ஆகஸ்ட் ஷெல் ஆலை 2012இல் அந்தப் பட்டியலால் வெளியே தள்ளப்பட்டது. கிடைத்த பார்லிக்கு ஏற்பத் தம் முன்னோர் சேர்த்த சோளத்துக்காக ஒன்றரை நூற்றாண்டுக் குடும்பத் தொழில் கைவினை அன்று என்பதா என்று அவர்கள் வெகுண்டார்கள். 2014இல் சங்கம் அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. எதிர்த்திசையில், கூர்ஸ் நிறுவனத்தில் பிறந்த ப்ளூ மூன் கைவினை பீர் போலக் காட்டி விற்கப்படுகிறது என்று 2015இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது ‘கைவினை’ என்பது விற்பனைச் சொல், அவ்வளவுதான் என்று கைவிடத் தோன்றும். சில ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்தேன். பொருளில் வேறுபாடு காணமுடியாதபோது உரிமைப் பத்திரத்தில் யார் பெயர் இருந்தால் என்ன என்று மருமகனிடம் வாதிட்டும் இருக்கிறேன்.

அந்த வாதத்தை அசைத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று ஹாப்ஸ் பற்றியது. 2011இல் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 3.88 கோடி டாலருக்கு வாங்கிய ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ், அடுத்தடுத்துப் பல கைவினை ஆலைகளைச் சேர்த்துக்கொண்டது. 2016இல் எஸ்ஏபி மில்லரையும் பத்தாயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதும், உலகில் விற்கும் பீரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அதன் கைக்கு வந்தது. அந்த வாங்குதலோடு தென்னாப்பிரிக்க ஹாப்ஸ் பண்ணைகளும் வந்தன. அங்கே உருவான சில புதிய வகைகளைச் சுதந்திர ஆலைகள் விரும்பி வாங்கத் தொடங்கியிருந்த நேரம் அது. 2017இல், விளைச்சல் எங்கள் தேவைக்கே போதவில்லை என்று சொல்லி வெளியார் விற்பனையை நிறுவனம் நிறுத்தியது. கணக்கு அவர்கள் பக்கம் சரியாகவே இருந்திருக்கலாம். ஈஸ்டை எல்லோருக்கும் கொடுத்த ஜேக்கப்சனும் பெருமுதலாளிதான் என்பதையும் மறக்கக்கூடாது. ஆயினும் எந்த மணம் எவர் கோப்பையை எட்டும் என்பதை உரிமைப் பத்திரம் தீர்மானித்துவிட்டது. சில்லறைக் கடையின் அலமாரியும் அப்படித்தான். 2016 இணைப்புக்கு இசைவு தந்தபோது, போட்டியாளர்களின் பீரை ஒதுக்கும்படி விநியோகஸ்தர்களுக்கு ஊக்கத்தொகை தரக் கூடாது என்று அமெரிக்க நீதித் துறை நிபந்தனை விதித்தது. அந்த அச்சம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

மற்றது ஆங்கர். 2010இல் மேடாக் ஆலையை விற்றார். 2017இல் அது சப்போரோவிடம் சென்றது. அந்தக் கையெழுத்தோடு சங்கத்தின் வரையறைப்படி அது கைவினை ஆலையாக இருப்பது நின்றுபோயிற்று. கொப்பரை அதேதான், ஈஸ்ட் அதேதான், தொட்டியருகே நின்றவர்களும் அவர்களேதான். அந்நிலையில்தான் நான் அங்கே ஒரு கோப்பை பருகினேன். சுவையில் குறை ஒன்றும் காணவில்லை. 2019இல் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். கைவினை பீர் உலகில் அது அரிய நிகழ்ச்சி. 2021இல், பல ஆண்டுகளாகக் கையால் வரையப்பட்டு வந்த சீட்டுகளை மாற்றிப் பளிச்சென்ற புதிய சீட்டுகளை ஒட்டினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள்.

2023 ஜூலையில் ஆலையை மூடுவதாக அறிவிப்பு வந்தது. கொரோனா காலத்தில் உணவகங்கள் முடங்கியதையும், விலைவாசியையும், போட்டியையும் காரணமாகச் சொன்னார்கள். பொய்யென்று சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கைவினைத் துறை முழுவதுமே நெருக்கடியில் இருக்கிறது. 2024இல் திறந்த ஆலைகளைவிட மூடியவையே அதிகம். சுதந்திரமான சிறு ஆலைகளும் அவற்றுள் அடக்கம். எனினும் 1965இல் அதே ஆலை மூடும் நிலைக்கு வந்தபோது முடிவெடுத்தவர், அதன் பீரைப் பருகும் மேசையிலிருந்து எழுந்து வந்தவர். அவர் பத்தாண்டு நட்டத்தைப் பொறுத்தார். 2023இல் முடிவெடுத்தவர்களின் முன்னே பல நாட்டுக் கணக்குகள் இருந்தன, அவற்றுள் ஆங்கர் ஒரு வரி. நடுவில் தொழிலாளர்கள் தாங்களே கூட்டுறவாக வாங்கி நடத்த முயன்றார்கள், அது கைகூடவில்லை. 2024 மே மாத இறுதியில், தயிர் வணிகத்தில் பெயர்பெற்ற ஹம்தி உலுகாயா ஆலையை வாங்கினார்.

இதைப் பற்றி மருமகனிடம் பேசியபோது என் பழைய வாதத்தை அவர் நினைவூட்டவில்லை, அது அவருடைய நல்ல குணம். மூடல் அறிவிப்பு வந்த வாரம் ஆலைக்கு எதிரேயுள்ள கூடத்தில் நீண்ட வரிசை நின்றதாம். அவரும் அதில் நின்று ஆறு புட்டிகள் வாங்கி வந்தார். ஐந்தை நண்பர்களோடு பகிர்ந்துவிட்டு, ஒன்றை எனக்கென்று குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டில் வைத்திருக்கிறார். இந்த வகை பீர் ஒயினைப் போல முதிர்ந்து மெருகேறாது. ஓராண்டுக்குள் ஹாப்ஸின் மணம் மங்கி, ஈர அட்டையின் வாசம் ஏறத் தொடங்கும். இதை அவருக்குத் தொலைபேசியில் விளக்கியும்விட்டேன். “தெரியும் மாமா, நீங்கள் வரும்போது பார்ப்போம்” என்றார்.